செல்விக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்றால் நம்மில் பலருக்கும் ஒரு சின்னப் பொய் சொல்லத் தோன்றும். நான் சின்னதோடு நிற்கவில்லை. ஐந்து பொய்க் கணவர்களையே கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

தாராவியில் ஒரு தாய்சேய் நல மையத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கர்ப்பிணிகளுக்கு மற்றப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வோம். அதற்கான அறையும் ஆலோசகரும் வெளிநாட்டு உதவியில் ஓடிக்கொண்டிருந்தன.

"புருசன்மாரும் டெஸ்டுக்கு வரணும்னுதான் அவங்க கேக்காங்க. நாளைக்கு அவங்க வந்து பாக்கும்போது ஒருத்தனும் இல்லைன்னா அந்த ரூமுக்குப் பூட்டுதான்" என்றார் மேற்பார்வையாளர் சரோஜாக்கா.

அதுவரை ஒரு கணவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. (நான் விடுவேனா? இருபத்திரண்டு வயது, தலைகால் புரியாத உற்சாகம்!) என் அண்ணன் முருகனையும் அவனோடு கேரம் ஆடும் நாலு பேரையும் பிரியாணி ஆசை காட்டி இழுத்துவந்து, ஐந்து கர்ப்பிணிகளுக்குப் பக்கத்தில் ஆளுக்கொருவராக உட்காரவைத்தேன். பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வந்த வெள்ளைக்கார அம்மா நேராக அண்ணனிடம் போய், பக்கத்திலிருந்த செல்விக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"எனக்கென்ன தெரியும்? நானே இப்பத்தான் பாக்கேன்" என்றான் அண்ணன்.

சந்தோஷத்தில் இவருக்குப் பேச்சே வரவில்லை என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். (எட்டூருக்குக் கேட்கும்படி பேசியிருந்தான், பாவி.)

அந்த நேரம் பார்த்து செல்வியின் நிஜக் கணவர் தோல்பைப் பட்டறையிலிருந்து கையெல்லாம் பசையோடு ஓடிவந்தார். பின்னாலேயே மற்ற நாலு கணவர்களும். சந்துக்குள் செய்தி அவ்வளவு வேகமாகப் பரவியிருந்தது.

"எவம்ல அது, எம்பொண்டாட்டி பக்கத்துல?"

அண்ணன் மேசைக்கு அடியில் போய்விட்டான். நான் அழுதுகொண்டே அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அறையும் போச்சு, என் வேலையும் போச்சு என்றே நினைத்தேன். அவரோ, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று நிஜக் கணவர்களிடம் கேட்கச் சொன்னார்.

"காலைல பத்து மணிக்கு வான்னா பட்டறை சேட் விடுவாரா? சாயங்காலம் வச்சா வரமாட்டோமா?" என்றார் செல்வியின் கணவர்.

இதை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை! ஐந்து பேரும் அன்றே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். (வந்த பாவத்துக்கு அண்ணனும்.) அடுத்த மாதமே மையம் மாலையிலும் திறந்தது. அறை பிழைத்தது. அறையை மூடப்போவதில்லை என்று அந்த அம்மா அன்றே சொன்னதும் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

போன வாரம் மதினி தன் கர்ப்பகால முதல் பரிசோதனைக்குக் கிளம்பும்போது எனக்குப் போன் செய்தார்.

"ஏட்டி, உங்கண்ணன் ரெடியா நிக்காவ. அவியளயே கூட்டிட்டுப் போவட்டா, இல்ல நீ வேற ஆளு பாத்து வச்சிருக்கியா?"