அரிசி அளந்த கையால் அத்தானுக்கு அளந்த வெடிமருந்து

அளப்பது நிறுப்பது எல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைப்பவனை வெடிமருந்துப் பக்கம் விடக்கூடாது. நாலு வருடங்களுக்கு முன் என்னை விட்டார்கள்.

அக்காவின் கணவர், என் அத்தான், இல்-பிசார் என்ற புறநகரில் உள்ள வீட்டின் பேஸ்மென்டில் தன் ரைபிளுக்கான தோட்டாக்களைத் தானே நிரப்புவார். ("துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இவர் தேடிப்போய்ப் பிடிக்கிறார்" என்பது அக்காவின் நிரந்தர முறைப்பாடு.) குறிபார்த்துச் சுடும் மாகாண அணியில் ஓர் இடம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அந்த இடத்துக்காக இரண்டு வருடம் பயிற்சி செய்திருந்தார். தெரிவுப் போட்டிக்கு முதல் நாள் அவரை அவசரமாக வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்பு இரண்டு தடவை கூடமாட உதவிய என்னிடம் பொறுப்பு வந்தது.

"தம்பி, இது முந்திப் போட்ட உருண்டை மருந்தில்லை, நீட்டுக் குச்சி. கரண்டியாலை அள்ளாதையும். ஒவ்வொண்டையும் தராசிலை நிறுத்துப் போடும்."

"ஓம் அத்தான், நான் பாக்கிறன்."

நான் சென்ட் லோரன்டில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் கிழமை முழுக்க நிறுப்பவன். சனிக்கிழமையும் தராசா? ஐந்து தோட்டாக்களுக்கு ஒழுங்காக நிறுத்தேன். பிறகு போனில் கிரிக்கெட் தொடங்கியது. சுண்டு என்ற அளவுக் குவளையால் அரிசி அளப்பதுபோலக் கரண்டியால் அள்ளி, இரண்டு தட்டுத் தட்டி, விரலால் வழித்துப் போட்டேன்.

கடுகு மாதிரியான உருண்டை மருந்து எப்படி அள்ளினாலும் ஒரேயளவாக நிரம்பும். இது உடைத்த சேமியா மாதிரி. குச்சிகள் குறுக்கே கிடந்தால் நடுவில் வெற்றிடம், தட்டினால் நெருக்கம். கரண்டி நிறைந்திருக்கும், எடை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. அதற்கேற்பக் குண்டின் வேகமும் மாறும். (இதெல்லாம் பிறகு வந்த ஞானம். ஒருவருக்கும் காயமில்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.)

மறுநாள் அத்தானின் இலக்குத் தாளில் துளைகள் மேலும் கீழுமாக ஏணி வைத்திருந்தன. அவர் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"கை நடுங்குது போலை, தம்பி."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "வயசாகுதுதானே அத்தான்."

இதை எழுதும்போதுகூட எனக்கு நானே கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது.

அந்தக் கிழமையே ரைபிளை விற்றுவிட்டார். டாக்டரிடமும் கையைக் காட்டினார். காரில் கூட்டிப்போனது நான்தான். கையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அத்தான் நம்பவில்லை. வரும் வழியெல்லாம் நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டில் விருந்து. என்னை அரிசி போடச் சொன்னார். அள்ளினேன், தட்டினேன், விரலால் வழித்தேன். பக்கத்தில் நின்ற அத்தான் என் விரலையே பார்த்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம் அத்தான்."

"அப்ப கை நடுங்கேல்லை."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அவர் மறுபடி ரைபிள் வாங்கவில்லை. அந்த வீட்டுச் சமையலறையில் நான் கால் வைத்தால் இப்போதும் அக்கா தராசை எடுத்து முன்னால் வைப்பார். பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், அத்தானும் சிரிப்பார். சிரித்து முடித்து, விளிம்புவரை நிறைந்த தேத்தண்ணிக் கோப்பையை ஒரு சொட்டும் சிந்தாமல் என்னிடம் நீட்டுவார். வாங்கிச் சிந்துவது நான்தான்.