ரவை பூசிய துவக்கு

துவக்குக் குழலுக்கு ரவை பூசியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பெண் கேட்டுப் போன வீட்டில், அந்த வீட்டு ரவையை வாங்கி, அந்த வீட்டுத் துவக்குக்கு. அதற்கு முன்னர் வாழ்நாளில் நான் ஒரு துவக்கை, அதாவது துப்பாக்கியை, தொட்டதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். (வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்வது மரியாதை.)

எண்பத்து மூன்றின் பங்குனி மாதம். துவக்கு என்றால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் காகங்களே பயப்பட வேண்டியிருந்த காலம். நான் பௌதிகம் படிப்பிக்கும் இளம் வாத்தியார். அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த வசந்தியை விரும்பினேன். அவளும் விரும்பினாள். மிச்சம் இருந்தது அவளுடைய அப்பா, இளைப்பாறிய தபாலதிபர். "பொடியனை ஒருக்கா வரச்சொல்லு. ஆளைப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுவன்" என்று சொல்லியிருந்தார்.

போவதற்கு முதல் நாளே வசந்தி எச்சரித்தாள்.

"அப்பா என்ன கதைச்சாலும் தலையாட்டிக்கொண்டிருங்கோ. உங்கடை பாடத்தை அங்கை தொடங்கிப்போடாதேங்கோ."

"எனக்கென்ன விசரே, அங்கை போய்ப் பாடம் எடுக்க?" என்றேன்.

சுன்னாகத்துக்கு அப்பால் அவர்களுடைய வீடு. முற்றத்துப் பாயில் வேப்பம்பூ வடகம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல் நிறையத் தேசிக்காய் ஊறுகாய் வெயில் காய்ந்தது. எதிரே, சாய்மனைக் கதிரையில், மடியில் காற்றுத் துவக்கோடு என் வருங்கால மாமா. வரவேற்பு எனக்குத்தானோ என்று படலையிலேயே நின்றுவிட்டேன்.

"காகத்துக்கு, தம்பி. வாரும், வந்து இரும்."

மாமா சுட்டால் காகங்கள் பறப்பதில்லை. சத்தம் வந்த பக்கம் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு அடுத்த வடகத்தை எடுக்கும். தேத்தண்ணி கொண்டுவந்த மாமி அதை மறைக்கவில்லை.

"இவரும் வருசக்கணக்காச் சுடுறார். காகங்களும் குடும்பமாப் பெருகிக்கொண்டு வருகுதுகள்."

மாமாவின் முகம் சுருங்கியது. "என்ரை கையிலை பிழையில்லைத் தம்பி. உந்தத் துவக்கிலைதான் ஏதோ பிழை."

தலையாட்டியிருக்க வேண்டிய இடம் இது.

"ஓம் ஐயா, குழல் அதிருறதாலை வாற பிழை" என்றேன். வாசலில் நின்ற வசந்தி கண்களை மூடிக்கொண்டாள்.

விளக்கினேன். விசையை இழுத்தவுடன் குழல், தட்டிய இசைக்கவையைப் போல மேலும் கீழும் அதிரும். நுனி ஆடிக்கொண்டிருக்கும்போதே குண்டு வெளியேறினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் போகும். ஆட்டம் ஒரு கரையைத் தொட்டுத் திரும்புகிற அந்தக் கணத்தில் வெளியேறினால் ஓரிடத்திலேயே படும். நுனியில் ஒரு சிறு பாரத்தை வைத்து அதை முன்னும் பின்னும் நகர்த்தினால் அந்தக் கணத்தைப் பிடித்துவிடலாம். (இவ்வளவும் சரி. இன்றைக்கும் சரி.)

"பாரத்துக்கு என்ன வைக்கிறது?" என்றார் மாமா.

அங்கேதான் என் ஊர்ப்புத்தி வேலை செய்தது. நான், இசைக்குப் பேர்போன அளவெட்டிக்காரன். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பிச் சுருதியைச் சரிப்படுத்துவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன். அதிர்வுக்கு மருந்து ரவை. தோலென்ன, இரும்பென்ன?

மாமி ரவை கொண்டுவந்தாள். தண்ணீர் விட்டுப் பிசைந்து குழலின் நுனியில் கொழுக்கட்டை அளவில் அப்பினேன். கரண்டியால் குழலைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். அவசியமில்லை, ஒரு எடுப்புக்குத்தான். முருங்கையில் கட்டித் தொங்கவிட்ட பால்ரின் தகரத்துக்கு மாமா சுட்டார். படவில்லை. கொழுக்கட்டையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். படவில்லை. இன்னும் கொஞ்சம்.

டங்!

மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பிள்ளை வசந்தி, கேட்டதே? பட்டிட்டுது!" பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பியின்ரை சாதகம் கையிலை இருக்கோ?" என்றார். வசந்தி முதல்முறையாகச் சிரித்தாள். துவக்கைக் கதிரையில் சார்த்திவிட்டு மாமா என்னை வாய்ப்பன் சாப்பிட உள்ளே கூட்டிப்போனார்.

அங்கேயே இருந்திருக்கலாம். முற்றத்தில் ஏதோ கரைந்த சத்தம் கேட்டு வெளியே வந்தோம். துவக்குக் குழலின் நுனியில் காகம். நான் கண்டுபிடித்த திருத்தத்தைக் கொத்திக் கொத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் வடகப் பாய்க்குத் தாவியது.

"தம்பி, நீர்தானே சரிக்கட்டினனீர், நீரே சுடும்!" என்று குண்டைப் போட்டுத் துவக்கை என் கையில் திணித்தார் மாமா.

'சுடத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். சாதகம் கேட்ட மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? ரவை பாதியாகிவிட்டது, ஆகவே அதன் திணிவு பாதி, ஆகவே அதிர்வு மாறியிருக்கும், ஆகவே கொஞ்சம் இடப்பக்கமாகக் குறிவைக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டேன். இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு விசையை இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஊறுகாய்ப் போத்தல் இருந்த இடத்தில் ஊறுகாய் மட்டும் இருந்தது. அதுவும் வடகத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காகம் நிலைமையைப் பார்த்தது, கடைசியாக ஒரு வடகத்தை எடுத்தது, அவசரமில்லாமல் பறந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நான், என் வாழ்க்கையின் மிக மோசமான வசனத்தைச் சொன்னேன்:

"ரவையின்ரை திணிவு குறைஞ்சிட்டுது."

மாமி போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வசந்தி அழப்போகிறாள் என்று தெரிந்தது. நான் சைக்கிளைத் தேடினேன்.

அப்போது மாமா சிரித்தார். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்துவிட்டு மாமியின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேரும்! இவ்வளவு காலத்திலை நான் ஒருக்காலாவது ஊறுகாயிலை சுட்டனானோ? சொல்லும் பாப்பம்!"

இல்லை என்று மாமி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. காகங்கள் முதல் மனைவி வரை எல்லாரும் அவருடைய குறியைப் பார்த்துச் சிரித்த வீடு அது. அந்த வீட்டில் அவரைவிட மோசமாகச் சுடுகிற ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். அவனைக் கைவிட அவருக்கு மனம் வருமா? என் தோளில் கையைப் போட்டு, "ஆனியிலை நாள் பாப்பம்" என்றார்.

அடுத்த வருடம் மாமாவே அந்தத் துவக்கைத் துணியில் சுற்றிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். காற்றுத் துவக்கு வைத்திருந்தாலும் இராணுவம் பிடித்துக்கொண்டு போகும் என்ற அளவுக்குக் காலம் மாறியிருந்தது.

ஆனால் அன்றைக்குக் கண்ணாடி பொறுக்கிக்கொண்டு குசினிச் சுவரோரம் குனிந்திருந்தபோது, உள்ளே மாமி மகளுக்குச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தாலே வசந்தி இன்றுவரை அதைத் தாயின் குரலிலேயே சொல்லிக்காட்டுகிறாள்.

"பொடியன் சொல்லுறதெல்லாம் சரியாத்தான் கிடக்குப் பிள்ளை. ஒண்டையும் செய்யவிடாமல் பாத்துக்கொள், நல்லா இருப்பாய்."