கறையண்ணன் படுத்த இடம்

அழுக்கைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தோவாளைப் பக்கம் அவருக்குக் கறையண்ணன் என்று பெயர். துபாயில் பதினைந்து வருடம் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவர். ஊருக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை. பஸ்சில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் தலையை ஒதுக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைத் துடைப்பார். டீக்கடையில் கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். கடைக்காரர் ஒருநாள், "நீரே கழுவிக்கிடும்" என்று வாளியைக் காட்டிவிட்டார்.

இப்படிப்பட்டவரை என் பாலிஹவுஸைக் கழுவக் கூப்பிட்டது நான்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. வளைந்த இரும்புக் குழாய்களின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய நீளமான கூடாரம் அது. உள்ளே வெள்ளரி. 2012 வைகாசியில் கொடியைப் பிடுங்கி எறிந்தாயிற்று. இனி ஷீட்டில் படிந்த பாசியைக் கழுவி, ஓரங்களை இறுக்க வேண்டும். ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்துவிடும். தளர்ந்த ஷீட் அதில் ஒரு மணி நேரம் தாங்காது. ஷீட் போனால் எனக்கு அடுத்த விளைச்சல் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை.

மூன்று நாள் வேலை என்று நினைத்தேன். எட்டாவது நாளும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள்பட்டை எனக்குச் சொந்தமானதாகவே தெரியவில்லை. அவர் உள்ளே நின்று ஷீட் வழியாகத் தாடகை மலையைப் பார்ப்பார். மலை மங்கலாகத் தெரிந்தால் மறுபடியும் சோப்புத் தண்ணீர்.

"மலையில மேகம் கெடக்கு அண்ணே. அதான் மங்கலு."

"மேகம்னா வெள்ளையால்லா இருக்கும் மக்கா. இது பாசி."

சனிக்கிழமை, ஷீட்டின் ஓரத்தைத் தரையோடு பிடித்துவைக்கும் வளைவுக் கம்பிகளை ஒரு பக்கம் முழுக்கக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். துருவாம்.

"காத்து வந்தா என்ன செய்ய அண்ணே?"

"திங்கக்கெழம காலம்பற மாட்டிரலாம். நாளைக்கு ஞாயிறு."

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கர்த்தரின் ஓய்வுநாள்; சவரக்கத்தியைக்கூடத் தொடமாட்டார். மறுநாள் குழம்புக்கான காயைச் சனிக்கிழமையே நறுக்கி வைத்துவிடும் வீடு.

காற்று ஞாயிறு காலையில் வந்தது. நான் ஓடிப்போய்க் கம்பிகளை மாட்டினேன். அதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். மூன்று மாட்டினால் இரண்டு துள்ளி வெளியே விழுந்தன. ஓரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன். நான் உட்காராத இடமெல்லாம் எழும்பியது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

அப்போது வரப்பில் கறையண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் பைபிள். சர்ச்சில் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வந்திருக்கிறார். பைபிளைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே பத்திரமாக வைத்தார். சேற்றை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஷீட்டின் ஓரத்தில் நீளவாக்கில் படுத்துவிட்டார்.

"அண்ணே, அப்படியே கம்பியையும் மாட்டிருங்க."

"இண்ணைக்கு வேல செய்யப்பிடாது மக்கா."

"அப்பம் இது?"

"சும்மால்லா கெடக்கேன். கெடக்கது வேலையா?"

கம்பி நிற்காத மிச்ச இடத்தில் நானும் அவர் கால்மாட்டில் தலை வைத்துப் படுத்தேன். என் மனைவி கொண்டுவந்த கஞ்சியைப் படுத்தபடியே குடித்தோம். துபாயில் காற்று எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"பயந்தான் மக்கா. கண்ணாடியத் தொடச்சிட்டே இருந்தா கீழ பாக்காண்டாம்லா."

அதன் பிறகு நான் அவரைக் கேலி செய்ததில்லை.

சாயங்காலம் காற்று தணிந்தது. ஷீட் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் எல்லாக் கம்பிகளையும் மாட்டி முடித்து, சோப்பு வாளியோடு தான் படுத்த இடத்துக்குப் போனார். ஷீட்டின் ஓரத்தில் அவர் தலை எண்ணெயும் சேறும் சேர்ந்து வட்டமாகப் படிந்திருந்தது.

"அது இருக்கட்டும் அண்ணே."

"அழுக்குல்லா மக்கா."

"இருக்கட்டும்."

அடுத்த வைகாசியில் அவர் கழுவ வந்தபோது, அந்த இடத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் நான் உட்கார்ந்துகொண்டேன்.