ஹாஜறா சிரிப்பை விட்ட கதை

ஜெமீலின் பகிடி முடியவில்லை. அதற்குள் மனைவி ஹாஜறா சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

மருதமுனையில் ஜெமீலுடைய சாரக்கடைக்குக் கைலி வாங்க வருகிறவர்கள் விலை குறைத்துக் கேட்பார்களே தவிர, அவர் பகிடிக்கு ஒருவரும் சிரித்ததில்லை. உலகத்தில் சிரிக்கிற ஒரே ஆள் ஹாஜறாதான். அவளும் இப்போது விட்டுவிட்டாள். போதாததற்கு, தொழப் போனால் திரும்பத் திரும்பக் கைகால் முகம் கழுவிச் சுத்தமாகி வுளூச் செய்கிறாள், சாகப் போகிறவள் மவுத்துக்கு ஆயத்தமாகிற மாதிரி.

"என்ன புள்ள உனக்கு?"

"ஒண்டுமில்ல. வியாழக்கிழம கல்முனைக்குப் போய்ச் சின்ன ஊசி ஒண்டு போடணும். வேற ஒண்டும் கேக்காதீங்க."

கேட்கத்தானே கூடாது, ஒட்டுக்கேட்கலாம் என்று ஜெமீல் அர்த்தம் எடுத்துக்கொண்டார். அன்று பின்னேரம் கதவோரம் நின்றார். உள்ளே ஹாஜறா போனில் குசுகுசுத்தாள்.

"டொக்டர், உள்ளுக்கு வைக்கிற அந்தச் சாமான் பண்டியில எடுத்ததா?"

பன்றி என்று காதில் விழுந்ததும், பதில் வரும்வரை அவர் நிற்கவில்லை. மருந்துக்கடைச் செல்லத்தம்பியிடம் ஓடினார்.

"தம்பி, ஒடம்புக்குள்ள வைக்கிற பண்டிச் சாமான் என்ன இருக்கு?"

"இதயத்து வால்வுதான் காக்கா. ஆருக்கு?"

"சும்மா கேட்டன்" என்றது வாய். கால் மச்சினி சுல்பிகாவின் வீட்டுக்கு ஓடியது.

ஆறுதலுக்கு அவளிடம் மட்டும் சொன்னார், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று. அவளும் சொல்லவில்லை. அழுதுகொண்டே ஓட்டோவில் ஏறினாள். பார்த்தவர்களெல்லாம் பின்னால் வந்தார்கள்.

அந்தி மஹ்ரிபுத் தொழுகைக்கு முன்னமே ஜெமீலின் வீடு நிறைந்துவிட்டது.

"என்ன எல்லாரும்?" என்றாள் ஹாஜறா.

"சும்மா, பாத்துட்டுப் போக வந்தம். எழும்பாத புள்ள, அலுங்காத!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அமர்த்தினார்கள். இளநீர், கஞ்சி, திரும்பவும் இளநீர். ஹாஜறாவுக்கு முகம் வேர்த்தது.

"என்ன எழும்ப உடுங்க!"

"பாருங்களன், மூச்சு முட்டுது" என்று சுல்பிகா விம்மினாள்.

வீட்டில் கவிந்திருந்த இழவுக்களையைக் கலைக்க ஜெமீல் வாய் திறந்தார். "நம்மட சாரத்துல சாயம் போகாது. கட்டினவன்தான் போவான்."

சுல்பிகா ஓவென்று கத்தினாள். ஹாஜறா உதட்டைக் கடித்து, தோள் குலுங்க, இரண்டு மாமிமாரைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் பாய்ந்தாள். வேறு உடுப்போடு திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இனி எனக்கு முன்னால பகிடி உடாதீங்க. கெஞ்சிக் கேக்கிறன்."



வியாழக்கிழமை, கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஹாஜறாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். ஜெமீல் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கையேந்தினார். "யா அல்லாஹ், அவள எனக்குத் திருப்பித் தா. இனி மவுத்தாகும் வரைக்கும் ஒரு பகிடியும் உடமாட்டன்."

கதவு திறந்தது. தாதி யசோதினி எட்டிப் பார்த்தாள்.

"ஹாஜறாட மனுசன் நீங்களா?"

"ஓம் தங்கச்சி... இதயம் எப்பிடி?"

"இதயமா? அது அவக்கு நல்லாத்தானே இருக்கு! சலம் போற குழாயச் சுத்தி ஊசியால ஜெல் வச்சிருக்கு. அது உப்பி நிண்டு குழாய இறுக்கிப் பிடிக்கும். பிள்ளையள் பெத்த ஒடம்பு, இருமினா, சிரிச்சா மூத்திரம் கசியும். கனபேருக்கு இருக்கு, வெக்கத்துல சொல்றல்ல."

"பண்டி?"

"அதத்தான் அவவும் முதல் கேட்டா. இந்த ஜெல்லுல பண்டியும் இல்ல, மாடும் இல்ல."

ஜெமீல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்னை என்னத்துக்குக் கூப்பிட்டீங்க?"

"டொக்டர் இருமச் சொல்லிப் பாத்தார், ஒரு சொட்டும் இல்ல. அவ நம்புறாவில்ல. 'இருமல் போதாது, என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினவர் வெளியில இருக்கார், அவர வந்து ஒரு பகிடி உடச் சொல்லுங்க' எண்டுறா."