பன்னிரண்டாம் இலக்கப் பசு

பன்னிரண்டாம் இலக்கப் பசு மூன்று நாளாகப் புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாலேந்திரன் அதன் முன்னால் நின்று, மாப்பிள்ளை வீட்டாரைக் கெஞ்சுவதுபோலக் கெஞ்சினான்.

ஒஸ்லோ எல்லையிலிருந்த ஆய்வுப் பண்ணையில் அவனுக்குத் தற்காலிக வேலை. ஆறு பசுக்களுக்கு பியர் ஆலையில் மிஞ்சிய பார்லிச் சக்கை. பன்னிரண்டாம் பசு உட்பட மற்ற ஆறுக்கு வெறும் புல். இரு கூட்டத்தின் வயிற்று நுண்ணுயிர்களையும் ஒப்பிட வேண்டும். ஒரு பசு பிசகினாலும் ஆய்வு கெடும், வேலையும் போகும்.

அன்று வீட்டில் கொட்டித் தீர்த்தான். "என்ரை வேலை அந்த மாட்டின்ரை வயித்திலைதான் கிடக்குது."

நகரின் ரொம்மன் பகுதியில் வடை செய்யும் கூடமொன்றில் மூட்டை மூட்டையாக உழுந்து கழுவிக் கோது நீக்கிவிட்டு வந்திருந்த மனைவி உதயகுமாரி, பாவம், கண் கலங்கிப்போனாள். பசுவின் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

அடுத்த கிழமை பசு துள்ளியது. ஆனால் வயிற்றுச் சாற்றைச் சோதித்தால், புல் தின்கிற மாட்டில் இருக்கவே கூடாத நுண்ணுயிர்கள் கும்மாளமடித்தன. பக்கத்து மாட்டின் சக்கையைத் திருடுகிறதாக்கும் என்று, அதைத் தனியாகப் பஸ் தரிப்பிடத்தோரம் இருந்த புல்வெளிக்கு மாற்றினான். கும்மாளம் இரட்டிப்பானது.

"மாட்டு விசயம் இன்னும் சரிவரேல்லை" என்றான் வீட்டில்.

"அப்ப காணாதுபோலை" என்று உதயகுமாரி முணுமுணுத்தாள். புட்டுப் போதாது என்கிறாள் என்று நினைத்து, அவன் இன்னொரு பிடி போட்டுக்கொண்டான்.

பிறகு திங்கள் முதல் வியாழன் வரை வேலியோரம் கதிரை போட்டுக் காவலிருந்தான். வெள்ளி பின்னேரம் மட்டும் மகள் ஜெனுஷாவை நீச்சலுக்குக் கொண்டுபோக வேண்டும். காவலிருந்தும் பயனில்லை; பசு கொழுத்துப் பளபளத்தது.

முடிவுகளைப் பார்த்த பொறுப்பாளர் இங்கெர் அவனை அறைக்குக் கூப்பிட்டாள். போச்சு என்று போனான். அவளோ எழுந்து கை குலுக்கினாள். பன்னிரண்டாம் பசு பாலும் கூடத் தருகிறது, பூமியைச் சூடாக்கும் மீதேன் ஏப்பமும் குறைவாக விடுகிறது, இனி இதுதான் ஆய்வு, வேலை நிரந்தரம் என்றாள். அது என்ன தின்றது என்பதை மட்டும் இரண்டு கிழமைக்குள் எழுதித் தர வேண்டுமாம்.

வீடு துள்ளிக் குதித்தது. உதயகுமாரி சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். பாலேந்திரன் மட்டும் பாதிச் சிரிப்போடு சோபாவில் விழுந்தான்.

"அது என்னத்தைத் திண்டதெண்டு நான் ஆரைப் போய்க் கேக்கிறது?"

ஜெனுஷா தாயின் சட்டையை இழுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு வேலை கிடைச்சிட்டுதுதானே. அதுக்கெண்டு நேர்த்திக்கடன் வைச்சு நீங்கள் வெள்ளிக்கு வெள்ளி அந்த மாட்டுக்கு உழுந்துக்கோது குடுக்கிறதை இனிச் சொல்லலாமோ?"