இடைவேளை வரை ஒன்பது மார்க்

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீட்டில், படித்தவன் ஒரே ஒருவனாக இருப்பது ஆபத்து. அவனைத் திருத்த ஆளிருக்காது. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்.

அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். அம்மா கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடுகளில் சமைத்தார். மாலதி அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் மட்டும் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, கியூ.எஸ். படிக்கப் போனேன். (கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்கு எத்தனை கல், எவ்வளவு சீமெந்து என்று சொல்கிற படிப்பு. அம்மா சொந்தக்காரர்களுக்கு விளக்கியது வேறு மாதிரி: "எஞ்சினியர்தான், ஆனா வெயில்ல நிக்கத் தேவையில்ல.")

வீட்டுக்கு வருகிற கடிதம், கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். கொஞ்ச நாளில் சினிமாவும் வந்தது. நாலு பேரும் டிக்கெட் எடுத்துப் போய் ஏமாறுவதை விட, தம்பி முதலில் பார்த்துச் சொல்லட்டும் என்று ஏற்பாடு.

அதுவரை எங்கள் வீட்டில் படங்களை மதிப்பிடுகிற முறை எளிமையானது. அப்பா தூங்காமல் இருந்தால் நல்ல படம். அம்மாவின் முந்தானை நனைந்தால் நல்ல படம்; நனையாவிட்டால் "சும்மா ஆடுறாங்க". ஹட்டனில் இருக்கிற மாமா, படம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெருவிரலைத் தூக்கி அனுப்புவார். அக்கா எதைப் பார்த்தாலும் "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

இந்த ஒழுங்கீனம் எனக்குப் பொறுக்கவில்லை. பத்து மார்க்குக்கு ஓர் அட்டவணை போட்டேன். கதைக்கு மூன்று, நடிப்புக்கு இரண்டு, பாட்டுக்கு ஒன்று, சிரிக்க வைக்கிற பகிடிக்கு ஒன்று, ஒளிப்பதிவுக்கு ஒன்று, குடும்பத்தோடு பார்க்கலாமா என்பதற்கு இரண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் விமர்சனம் எழுதி குரூப்பில் போட்டேன். நாலு வருஷம் போட்டேன்.

இந்த நாலு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட நான் இடைவேளைக்குப் பிறகு பார்த்ததில்லை.

காரணம் ஒழுக்கக்கேடு அல்ல. அளவுக்கு மீறிய ஒழுக்கம். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் காலை விரிவுரை பத்து மணிக்கு முடியும். அடுத்தது பன்னிரண்டே கால். நடுவில் பக்கத்துத் தியேட்டரில் பத்தரைக் காட்சி. சரியாகப் பதினொன்று ஐம்பதுக்கு இடைவேளை விடுவார்கள். விரிவுரையைத் தவறவிட நினைத்தாலே அப்பாவின் முதுகும் மூட்டையும் கண்முன் வரும். எழுந்து ஓடிவிடுவேன். முதல் தடவை வீட்டுக்கு வந்ததும் "எப்படிடா?" என்று அம்மா கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்றேன். எவ்வளவு பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார்கள்; நான் அரைப் பானையே தின்றிருந்தேன். தவிர, கட்டாத வீட்டுக்குக் கல் எண்ணுகிறவனுக்கு முடியாத படத்துக்கு மார்க் போடுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அப்படித்தான் அந்தப் படத்துக்கும் ஒன்பது போட்டேன். மூன்று அண்ணன்மாருக்கு ஒரு தங்கை. அவளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். பாமசி என்கிற மருந்துக்கடை வைத்திருக்கிற, கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத ஒருவர் வருகிறார். பாட்டு, பகிடி, ரோஜாத் தோட்டம். மாலை மாற்றுகிறார்கள், இடைவேளை. நான் குரூப்பில் இப்படி எழுதினேன்: "கணவன் என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பாமசிக்காரர் ஓர் உதாரணம். அவருடைய தாயாரைப் போன்ற மாமியார் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்க வேண்டும். குடும்பத்தோடு அவசியம் பாருங்கள்."

அந்த நேரத்தில் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு இருபத்தொன்பது. ஏற்கனவே இரண்டு கூட்டம் வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டு, எங்கள் வீட்டுச் சந்தை, அந்த ஒழுங்கையை, மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய், பதில் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். அக்கா சொல்லிவிட்டாள்: "இனி தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்." அம்மா இரண்டு நாள் அழுதார். இதுவும் சரிவராவிட்டால் இனி வேண்டாம் என்று அக்கா முடிவெடுத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வரன் வெள்ளவத்தையில் இருந்தது. பெயர் சிவா. அப்பா இல்லை, அம்மாதான் வளர்த்தார். எங்களைப் போலவே மலைப் பக்கத்து, பண்டாரவளை ஆட்கள்தான், ஆனால் வெள்ளவத்தையில் இருபது வருஷம் இருந்ததில் அந்த அம்மாவின் 'ஆமா' எல்லாம் 'ஓம்' ஆகியிருந்தது. மாப்பிள்ளை வேலை செய்தது ஒரு பாமசியில்.

தரகர் மூலமாக என் விமர்சனம் சிவாவின் அம்மாவுடைய போனுக்கும் போயிருந்தது. அவரே அழைத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"வீட்டில வந்து பாக்கிறது எல்லாம் பழைய முறை. நாங்க ஒரு படம் பாத்திட்டு, ஒரு டீ குடிச்சிட்டுக் கதைப்பமே? உங்கட மகன் எழுதியிருந்த படத்துக்கே போவம். அதிலயும் மாப்பிள்ளை பாமசியாம்! நல்ல சகுனம்."

அக்கா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் எழுத்தால் ஒரு கல்யாணம் நடக்கப் போகிறது என்ற பெருமையில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பெருமைக்கு நடுவில் ஒரு சின்னக் கவலையும் வந்தது. முழுப் படமும் பார்த்திருந்த நண்பனைக் கேட்டேன்.

"மச்சான், செகண்ட் ஹாஃப் எப்படி?"

"ஒரு டுவிஸ்ட் இருக்குடா. சொன்னா உனக்குப் பாக்கிற ஆசை போயிரும்."

சொல்லாமல் விட்டதற்கு அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். (ஆமா, நன்றி சொன்னேன்.)

ஞாயிற்றுக்கிழமை, இரண்டரைக் காட்சி. வரிசையில் அப்பா, நான், அம்மா, அக்கா, சிவாவின் அம்மா, கடைசியில் சிவா. சிவா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அதிர்ந்து பேசாதவராக இருந்தார். உண்மையில் அதுவரை பேசவே இல்லை. முதல் பாதி முழுக்க நான் திரையைப் பார்க்காமல் மற்றவர்களின் முகங்களையே பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். இடைவேளையில் சிவாவின் அம்மா அக்காவின் பக்கம் பொப்கோர்ன் பொட்டலத்தை நீட்டியபடியே என்னைப் பார்த்து, "தம்பி ஒன்பது குடுத்தது சரிதான்" என்றார்.

விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு திரையில் வந்ததெல்லாம் மற்ற ஐந்து பேரைப் போலவே எனக்கும் புதிது.

இரண்டாவது நிமிடத்தில் பாமசிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். தமிழ்ப் படத்தில் நல்லவன் கண்ணாடியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். அடுத்த காட்சியில் அவருடைய தாயார் பால் காய்ச்சினார். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு மாத்திரையை நசுக்கி அதில் போட்டார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பாலை ஏற்கனவே இரண்டு மருமகள்கள் குடித்திருக்கிறார்கள் என்பதும், இருவரும் ரோஜாச் செடிகளுக்குக் கீழேதான் இருக்கிறார்கள் என்பதும் பத்தாவது நிமிடத்தில் தெரியவந்தது. (அந்தத் தோட்டத்துக்காகத்தான் ஒளிப்பதிவுக்கு முழு மார்க்கும் கொடுத்திருந்தேன்.)

சனம் கொதித்துவிட்டது.

"குடிக்காத தங்கச்சி!"

"அந்தக் கிழவியப் புடிங்கடா!"

"பாமசிக்காரன நம்பாத!"

சிவா தன் கண்ணாடியைக் கழற்றினார். அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். சிவா அதைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அம்மா கையை எடுக்கவில்லை.

"தம்பி, இது எப்படா முடியும்?" என்று காதுக்குள் கேட்டார்.

"தெரியாதும்மா."

"நீ பாத்த படந்தானே?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படத்தைக் கண் இமைக்காமல் பார்த்தார். கடைசிப் பத்து நிமிடம் சின்ன அண்ணன் பாமசிக்காரரை வீடு வீடாக இழுத்து அடித்தபோது முழுத் தியேட்டரும் விசிலடித்தது. எங்கள் வரிசை மட்டும் அஞ்சலி செலுத்துவது போல இருந்தது.

வெளியே வந்து பக்கத்துச் சைவக் கடையில் உட்கார்ந்தோம். சிவாவின் அம்மா தேநீரைத் தொடவில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். பொண்ணு குடுக்க விருப்பமில்லையெண்டா போன்ல சொல்லியிருக்கலாம்தானே?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி..."

"எங்கட விபரம் உங்கட கையில கிடைச்ச கிழமைதான் இதை எழுதியிருக்கிறீங்க. 'அந்த மாமியார் மாதிரி வாய்க்கோணும்.' நான் புருஷன் இல்லாமல் ஒரு பிள்ளையை வளத்தவள் தம்பி. என்னை நக்கலடிக்க ஒரு படமோ?"

அப்பா அரை எழும்பலாக எழும்பினார். அக்கா தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்த வீட்டார் பதில் சொல்லாமல் போன நாட்களில் அவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நக்கலடித்த கொடூரன் என்றே இருந்துவிட்டால் படித்தவன் என்கிற என் பெயர் தப்பும். பொய்யன் என்று ஒப்புக்கொண்டால் அக்கா தப்புவாள்.

"ஆன்ட்டி, நான் அந்தப் பாதியப் பாக்கல்ல."

"எந்தப் பாதி?"

"இண்டர்வலுக்குப் பிறகு. எந்தப் படத்துலயும் பாத்ததில்ல. நாலு வருஷமா."

முதலில் வாய் திறந்தது அம்மா. "அந்த யானப் படம்? யான காட்டுக்குத் திரும்பிப் போயிரும், சின்னப் புள்ளைங்களோட பாக்கலாம்னு சொன்னியே?"

"போகும்னு நெனச்சேம்மா."

"செத்துச்சுடா! பக்கத்து வீட்டுப் புள்ள ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்துச்சு!"

அப்பா கோப்பையை வைத்தார். "அப்ப அந்தக் குத்துச்சண்டைப் படம்? பத்துக்கு மூணுன்னு சொல்லி என்னையப் போகவிடாமப் பண்ணுனியே?"

"மொதப் பாதியில அவன் தோத்துக்கிட்டே இருந்தாம்ப்பா."

"அவன் பின்ன இண்டர்வலுக்கு முன்னாடியே ஜெயிச்சிருவானாடா, அறிவுகெட்டவனே!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவாவின் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். நக்கலடிக்கிற அளவுக்குத் திறமையான குடும்பம் இல்லை இது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

அப்போதுதான் சிவா முதன்முதலாகப் பேசினார். அக்காவைப் பார்த்து.

"நீங்க எத்தனை குடுப்பீங்க?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மார்க் போடுகிற அதிகாரம் எனக்கு வந்ததே அவள் புடவை மடித்த சம்பளத்தில்தான் என்பதையும் நான் எந்த அட்டவணையிலும் சேர்த்ததில்லை.

அக்கா நிமிர்ந்தாள். "மூணு."

"ஏன்?"

"அந்த மாமியார் பத்து நாள் பால் காய்ச்சுது. பத்து நாளும் அதே பட்டு. பட்டுல ஒரு சொட்டுப் பால் விழுந்தாக் கறை லேசுல போகாதுங்க. எந்தப் பொம்பள அடுப்படிக்குப் பட்டு கட்டிக்கிட்டுப் போவா?"

சிவா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அதை விடுங்க. கடைசியில நஞ்சுப் போத்தல் எண்டு காட்டினாங்களே, அது இருமலுக்குக் குடிக்கிற பாணி மருந்து. எங்கட கடையில தட்டு நிறைய இருக்கு. குடிச்சா நித்திரைதான் வரும்."

"அதானே! மூடியே செவப்பா இருந்துச்சு. நானும் பாத்தேன். சரி, நீங்க எத்தன?"

"நாலு."

"ஒண்ணு எதுக்குக் கூட?"

"எங்கட அம்மா எழும்பிப் போகாமல் கடைசி வரைக்கும் இருந்தா. அதுக்கு."

சிவாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்தக் கிழவிட நடிப்புக்கும் ஒண்டு போடுங்க. அவ நல்லாத்தான் செஞ்சா."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அந்தப் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து மேய்ந்தார்கள். நாங்கள் நாலு பேரும் இரண்டாவது தேநீர் குடித்தோம். அக்காவுக்கு இவ்வளவு பேச இருந்தது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஐந்து மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாமியார் பால் கொண்டுவந்து கொடுத்தபோது இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் சிரித்ததைப் பார்த்து ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

என் பதவி அன்றோடு போயிற்று. இப்போது குரூப்பில் மார்க் போடுவது அக்கா. ஒரு வரி, ஓர் எண், அவ்வளவுதான். மாமாகூட அதைப் படித்துவிட்டுத்தான் விரலைத் தூக்குகிறார்.

போன மாதம் எனக்கு ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். போனில் இருந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"அம்மா, அவனத் தனியா அனுப்பாதீங்க. பாதியில எழும்பி வந்து ஒன்பதுன்னு சொல்லுவான். நானும் வாறேன்."

பின்னாலிருந்து சிவா அத்தானின் குரல் கேட்டது: "பயப்படாதீங்க மச்சான். உங்கட அக்கா கேள்வி கேக்கத் தொடங்கினா, அந்தப் பிள்ளைதான் இண்டர்வல் கேக்கும்."