நம்ம வண்டி இருக்க பஸ் எதுக்கு?

அன்பர்களே, வாணியம்பாடி முதல் மேல்விஷாரம் வரையிலுள்ள தோல் ஊர்களில் அண்மைக் காலமாகப் பெருகிவரும் ஒரு ஜீவராசியை உங்களுக்கு அறிமுகம் செய்ய அனுமதி வேண்டுகிறேன். அதன் பெயர் மோட்டார்ப் பிரபு. எல்லா மதத்திலும் உண்டு. எல்லாச் சாதியிலும் உண்டு.

மோட்டார் வாங்குவது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதற்காக என்றா எண்ணுகிறீர்கள்? பிழை. பிரபுவின் வீட்டிலிருந்து அவர் தோல் பதனிடும் தோல்ஷாப்பு நாற்பது கஜம். அந்த நாற்பது கஜத்தைப் பெரிய பஜார், மசூதித் தெரு, ரயிலடி, மறுபடியும் பெரிய பஜார் என்று இரண்டு மைலாக நீட்டி, வண்டி கட்டிப் போகிறவன், நடந்து போகிறவன், சும்மா நிற்கிறவன் ஆகிய மூவகையாரையும் ஹாரன் அடித்துத் திரும்பச் செய்து, பார்த்தவனிடம் "இந்த வண்டியால ஒரே பேஜாருப்பா!" என்று சலித்துக்கொண்டு, பார்க்காதவனுக்காக இன்னொரு சுற்றும் வருவார். பெட்ரோல் தீரும். பெருமை தீராது.

மேலும், பிரபு தனியே போனால் பெருமையைக் கேட்க ஆள் ஏது? ஆகவே எவனையாவது ஏற்றிக்கொள்வார். ஏற்றப்பட்டவன் நான். தேதி 1932 ஆகஸ்டு 17, புதன்கிழமை.

ஆம்பூரில் எங்கள் தோல்ஷாப்புத் தெரு முனையில் வேலூர் பஸ் நிற்பதில்லை. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் புண்ணான சவுரியம்மாள், வாரந்தோறும் வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடவேண்டும். பஸ் ஏற இரண்டு மைல் நடக்கவேண்டும். அதாவது, கால் ஆறுவதற்கு அந்தக் காலாலேயே நடக்கவேண்டும். முனையில் பஸ் நிற்க உத்தரவு கோரி இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மனுச் செய்தோம். மனுவை எழுதியவன் நான். முதல் கையெழுத்து எங்கள் ஊர் மோட்டார்ப் பிரபு, தோல்ஷாப்பு முதலாளி ஆபித் பாஷா சாயபு. விசாரணை வேலூரில், பகல் பதினொரு மணிக்கு. முதல் கையெழுத்துக்காரர் நேரில் வராவிட்டால் மனு தள்ளுபடி. நோட்டீசு என் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஐயமுள்ளோர் வந்து பார்க்கலாம்.

"ஏழு மணி பஸ்ஸில் போய்விடலாம், சாயபு" என்றேன்.

"இன்னா சார், நம்ம வண்டி இருக்க பஸ் எதுக்கு?"

"நாம் கேட்கப் போவதே பஸ்தானே?"

"பஸ்ஸு ஜனங்களுக்கு சார்!"

வழக்கமான பஜார்ச் சுற்றுகள் முடிந்து எட்டரைக்கு ஊரைக் கடந்தோம். சற்றுத் தூரத்தில் நாய்கள் துரத்தின. காரணத்தை ஓட்டுநர் தேவசகாயம் எனக்கு ஜாடையில் உணர்த்தினார்: ஆசனம். சீமையிலிருந்து வந்த ஆசனத் தோலைக் கிழித்தெறிந்துவிட்டு, சாயபு தம் தோல்ஷாப்புத் தோலையே போர்த்தியிருந்தார். அவசரத்தில் பாதிப் பதத்திலேயே.

"லண்டனுக்கே தோல் அனுப்புற ஆளு, லண்டன் தோல் மேலயா குந்துவேன்?" என்றார்.

வெயில் ஏற ஏற ஆசனம் தன் பூர்வ ஜென்மத்தை நினைவுகூர்ந்தது. மாதனூரில் நாய்கள் நான்கு. பள்ளிகொண்டாவில் பதினொன்று.

"பாத்தீங்களா, நாய்ங்க கூட வண்டிய மதிக்குது!"

மதிப்பு மிகுந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. தேவசகாயம் பிரேக்கை மிதித்தார், இன்ஜின் நின்றது. இறங்கி முன்புறக் கைப்பிடியைச் சுழற்றினாலொழிய அது உயிர்பெறாது. இறங்குவது யார்? சுற்றிலும் பதினொரு வாய்கள்.

அரைமணி கழித்து அடுத்த பஸ் வந்தது. ஜன்னலில் சவுரியம்மாள்.

"இன்னா சாயபு, நாய்ங்க கிட்டயும் கையெழுத்து வாங்குறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் பஸ்ஸை மோட்டாரோடு ஒட்டி நிறுத்த, முப்பது பேரின் கைகள் சாயபுவையும் என்னையும் தரையில் கால் படாமல் உள்ளே இழுத்தன. ஒருவர் நகர்ந்து இடம் தந்தார். இன்னொருவர் சாயபுவின் தொப்பியைத் தூசி தட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் எவரும் எவருக்கும் எதையும் காட்டவில்லை. போய்ச் சேர்வதற்காக மட்டுமே போனார்கள். இவ்வளவு எளிய கருத்து பிரபுக்களுக்கு ஏன் தோன்றுவதில்லை? பத்து ஐம்பதுக்கு வேலூர். மனு பிழைத்தது!

சவுரியம்மாளும் எங்களோடு விசாரணை நடக்கும் கச்சேரிக்கு வந்தாள். அதிகாரி மனுவைப் படித்தார். அவள் கால் கட்டைப் பார்த்தார். "நியாயந்தான்" என்று பேனாவை மையில் தோய்த்தார். அத்தருணத்தில் வாசலில் ஹாரன் முழங்கிற்று. பின் ஆசனத்தைப் பெயர்த்து நாய்களுக்குத் தானமாக எறிந்துவிட்டு, தேவசகாயம் மோட்டாரோடு வந்து சேர்ந்திருந்தார்.

அதிகாரி எரிச்சலுடன் கேட்டார்: "யாருடைய மோட்டார் அது?"

நான் சாயபுவின் காலை மிதித்தேன். "வாய மூடிக்கினு இரு சாயபு" என்று சவுரியம்மாள் முணுமுணுத்தாள். அவரும் உதட்டைக் கடித்துத்தான் பார்த்தார், பாவம். தும்மலை அடக்கலாம், இதை அடக்க முடியுமா?

"நம்மளுதுங்க!"

பேனா மைக்கூட்டுக்குத் திரும்பிற்று. உத்தரவின் நகல் என்னிடம் உள்ளது: 'முதல் மனுதாரருக்கே மோட்டார் இருப்பதால், மேற்படி தெருவுக்கு பஸ் அவசியம் என்பது ருசுவாகவில்லை.'

வெளியே வந்ததும் சவுரியம்மாள் சொன்னாள்: "வண்டிக்கு வச்ச பிரேக்க உன் வாய்க்கு வச்சிருக்கலாம், சாயபு."

"கோச்சுக்காதம்மா. வா, நம்ம வண்டியிலயே ஊர்ல விட்டுர்றேன்."

"எதுல குந்தறது?"

அவள் இன்றும் இரண்டு மைல் நடக்கிறாள். மேல்முறையீடு எழுதிவிட்டேன், இம்முறை முதல் இடத்தில் அவளுடைய இடது பெருவிரல் ரேகை. அதைத் தாமே வேலூருக்கு மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சாயபு வற்புறுத்தினார். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

'நல்ல வேளை, எனக்கு மோட்டார் இல்லை' என்று பெருமூச்சு விடுகிறீரா, அன்பரே? மகிழ்ச்சி. ஆயினும் உம் மணிக்கட்டில் ஒரு புதுக் கடிகாரம் மின்னுகிறதே. இன்று காலையிலிருந்து, கேட்காதவர்கள் எத்தனை பேருக்கு மணி சொன்னீர்?